உம்மா எழுதாத அலிபுகள்

பத்தமடை
8.1.2024

லாத்தா மைமூன் பீவி அவர்களுக்கு, தம்பி அசன் கனி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மார்கழி வெள்ளத்தில் வாய்க்கால் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்து, வீட்டில் முழங்கால் அளவு நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. உம்மா கையால் எழுதிய குர்ஆன் அதில்தான் இருந்தது. முழுக்க நனைந்துவிட்டது.

ஓத முடியாமல் போன குர்ஆன் பிரதிகளை ஊரார் பள்ளிவாசலில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஜனவரி 26 வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கட்டி, கல் சேர்த்து, ஆற்றில் ஆழமான இடம் பார்த்து இறக்குவதாக முடிவு. உம்மாவுடையதையும் அதோடு சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். அதில் எழுத்துப் பிழைகள் இருப்பது தாங்கள் அறிந்ததே. நனையாமல் இருந்திருந்தாலும், எனக்குப் பிறகு ஒருவர் கையில் கொடுக்கக்கூடியது அல்ல.

தாங்கள் என்னோடு பேசுவதில்லை என்றாலும், உம்மாவின் பொருளில் தங்களுக்கும் உரிமை உண்டு. ஆகவே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
அசன் கனி ஆலிம்
(ஓய்வுபெற்ற இமாம்)


மேலப்பாளையம்
12.1.2024

அசன் கனிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சலாத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம், அதனால் சொன்னேன். சந்தோசத்தில் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்று நான் சோறு தின்னவில்லை. பேத்தி சுமையா, "யாரு பெத்தும்மா, யாரு மவுத்து?" என்று கேட்டாள். "ஒருத்தரும் இல்ல. ஒருத்தன் திமிரு நாப்பத்தொரு வருசமா இன்னும் மவுத்தாகாமக் கெடக்கு" என்றேன்.

இங்கன இருந்து பத்தமடைக்கு ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பஸ் கொண்டுபோய் விட்டுவிடும். உன் கடிதம் மூணு நாள் எடுத்திருக்கு. வாயால் உன்னோடு பேச மாட்டேன் என்று அல்லா மேல் சத்தியம் செய்தவள் நான். கையால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். நான் மூணாங்கிளாசு படித்தவள், கோணல் மாணலாகத்தான் இருக்கும். நீ முழுக்கப் படி.

என்றைக்குச் சத்தியம் செய்தேன் என்று நீ மறந்திருப்பாய். 1983. உம்மா மவுத்தான மூணாம் நாள், கத்தம் ஓதுகிற அன்று. முழுக் குர்ஆனையும் மாறி மாறி ஓதி முடிக்க நாங்கள் முப்பது பெண்டுகள் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். உம்மா எழுதின குர்ஆனை ரைகால் பலகையில் விரித்து வைத்திருந்தேன். தனக்கு அதில்தான் ஓத வேணும் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவள் அவள். நீ நடையில் நின்றுகொண்டு, "அத எடுக்காதிய. அதுல எழுத்து தப்பு. உம்மாவுக்கு அரபு எழுத்துக்கூட்டத் தெரியாது" என்றாய். சந்தனக் கலர் சட்டை. இடது கைப் பொத்தான் இல்லை. முப்பது பேரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் அச்சுக் குர்ஆன் இரவல் வாங்கி ஓதினோம். அத்தனை பேருக்கு முன்னால் உம்மா எழுதினதை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு நீ போனாய். அன்றைக்குத்தான் சத்தியம்.

இப்போது அது எப்படி எழுதப்பட்டது என்று சொல்கிறேன். நீ அப்போது மூணு வயசுப் பையன், அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு திரிந்தாய்.

வாப்பா மவுத்தாகி உம்மா இத்தா இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது. வாப்பாவின் பாட்டனார் காயல்பட்டணத்துக் கப்பலில் கொண்டுவந்த பழைய குர்ஆன் ஒன்று நம் வீட்டில் இருந்தது. தொட்டால் உதிரும். செல்லு தின்றுகொண்டு இருந்தது. "இது போறதுக்குள்ள எழுதி எடுத்துருவோம் மைமூனு" என்றாள். அவளுக்கு அவள் வாப்பா எழுதிப் பழக்கியிருந்தார். இத்தாவில் தொடங்கினது முடிய மூணு வருசமாச்சு.

பழையதைப் பார்த்து நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லுவேன். உம்மா எழுதுவாள். பக்கம் முடிந்ததும் அவள் தன்னுடையதைத் திரும்ப வாசிக்க, நான் பழையதில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். ரெண்டும் ஒத்துப்போனால்தான் அந்தத் தாள் காயப் போகும். தொழுகை இல்லாத நாட்களில் அவள் அதைத் தொட மாட்டாள். அந்த நாட்களில் தாளுக்குக் கோடு போடுவாள், ஆத்து நாணல் சீவி எழுதுகிற கலம் செய்வாள், மை காய்ச்சுவாள். ஒரு நாள் சும்மா இருக்கவில்லை.

ஆக, எழுத்துக்கூட்டினது உம்மா இல்லை. நான். நீ முப்பது பேர் முன்னால் மூக்கறுத்தது என்னைத்தான்.

முதல் சூரா பாத்திஹாவில் "ஸிராத்" என்று வருகிறதே, அதற்கு நான் என்ன சொன்னேன் என்று இன்னமும் சொல்லுவேன்: ஸ்வாது, ரே, தோய். "ஆ" என்று நீட்டுகிற அலிபு எழுத்து நடுவில் கிடையாது. நீட்டுவதற்கு ரேக்கு மேல் ஒரு நின்ற ஜபர், சின்னக் கோடு. அவ்வளவுதான். பழையதில் அப்படித்தான் இருந்தது. "அலிபு எங்கட்டி?" என்று உம்மாவும் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லன்னா எழுதக் கூடாது. எழுதினவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நீ ஆத்தில் போடாதே. ஒவ்வொரு தாளாகப் பிரித்து நிழலில் போடு. வெயில் ஆகாது. போட்டுவிட்டு எழுத்து எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

மைமூன் பீவி


பத்தமடை
16.1.2024

அன்புள்ள லாத்தா,

தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது கோபத்தால் தீர்க்கும் காரியம் அல்ல.

நபியவர்கள் காலத்தில் தோலிலும் எலும்பிலும் ஈச்ச மட்டையிலும் எழுதியிருந்ததை ஒன்று சேர்த்து, உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எழுதச் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அவற்றில் எழுத்து எப்படி இருந்ததோ அப்படியே பின்னால் வந்தவர்கள் எழுத வேண்டும். ஓர் எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் மதரஸாவில் ஓதி முடித்து ஊருக்கு வந்த வருடம் உம்மாவுடையதை எடுத்து, அச்சுப் பிரதியோடு வைத்துப் பார்த்தேன். முப்பது பாகங்களில் முதல் மூன்று ஜுஸ்வில் மட்டும் தொண்ணூற்றாறு இடத்தில் அலிபு விடுபட்டிருந்தது. உம்மாவின் உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் விடுபட்டதை நானே என் பேனாவால் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று ஜுஸ்வுக்கு மேல் என்னால் முடியவில்லை. இத்தனை பிழை உள்ளதில் ஓதக் கூடாது என்று முடிவு செய்தேன். கத்தத்தன்று சொன்ன விதம் தவறாக இருக்கலாம். சொன்ன விஷயம் தவறல்ல.

மூலப் பிரதியையும் உம்மா ஆற்றில் விட்டுவிட்டார்கள். பின் எதை வைத்துச் சரிபார்ப்பது?

தாங்கள் கேட்டபடி பிரித்துப் பார்த்தேன். தாள்கள் ஒட்டியிருக்கின்றன. தொடக்கத்தில் உள்ள பக்கங்களில் மை நீலமாகக் கரைந்து திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது. காப்பாற்ற முடியும் என்று தோன்றவில்லை. 26ஆம் தேதி முடிவில் மாற்றம் இல்லை.

அசன் கனி


மேலப்பாளையம்
19.1.2024

லே அசன் கனி,

நீலமா?

உன் கடிதத்தைச் சுமையாவிடம் கொடுத்து மூணு தடவை வாசிக்கச் சொன்னேன். மூணு தடவையும் நீலம் என்றுதான் இருக்கு.

உம்மா வாழ்நாளில் நீல மையைத் தொட்டவள் இல்லை. இரும்புச் சட்டியில் கடுக்காயைத் தட்டிப் போட்டு, துருப்பிடித்த ஆணி போட்டு, மூணு நாள் ஊற வைத்து, பிறகு காய்ச்சிக் கருவேலம் பிசின் சேர்ப்பாள். வீடே நாறும். ஒவ்வொரு தடவை காய்ச்சினதும் ஒரு துண்டுத் தாளில் "அலிபு" என்று எழுதிக் காய வைத்து, செம்புத் தண்ணீருக்குள் போட்டுவிடுவாள். மறுநாள் எடுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் கசிந்திருந்தாலும் சட்டியோடு சாக்கடையில் ஊற்றிவிடுவாள். ரெண்டு தடவை ஊற்றினதை நான் பார்த்தேன். "அல்லா வார்த்தை தண்ணிக்குப் பயப்படக் கூடாதுட்டி" என்பாள்.

அந்தக் காலத்தில் நம் வீட்டில் நீலம் வைத்திருந்தது ஒரு ஆள்தான். மேல் சட்டைப் பையில் பவுண்டன் பேனா குத்திக்கொண்டு, பையில் மை ஒழுகி, அதை நான்தான் எலுமிச்சம்பழம் போட்டுத் துவைத்தேன். அப்படி என்றால் கரைந்தது யாருடையது?

மூலப் பிரதி எங்கே என்று கேட்டாயே. உம்மா அதை ஆத்தில் விட்ட அன்று நான் கூடவே போனேன். அது எங்கேயும் போகவில்லை. மூணு வருசம் எழுத்து எழுத்தாகக் கத்தினவள் தலைக்குள் இருக்கு. கேள், சொல்கிறேன். எறும்பு சூராவில், ஹுத்ஹுத் பறவையை அறுப்பேன் என்று சுலைமான் நபி சொல்கிற இடத்தில் ஒரு அலிபு சும்மா நிற்கிறது, அதை ஓதக் கூடாது. உன் அச்சுக் குர்ஆனிலும் நிற்கிறது, போய்ப் பார். வேலை இல்லாத அலிபு ஒன்று அங்கன நிற்கலாம் என்றால், வேலை இருக்கிற அலிபு ஒன்று இங்கன இல்லாமல் இருக்கக் கூடாதா? நான் படிக்காதவள் கேட்கிறேன், நீ படித்தவன் பதில் சொல்லு.

திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் இருந்து பாக்கியசீலன் என்று ஒருவர் வருவார். கோர்ட்டு ரிஜிஸ்தரும் சர்ச்சுப் புத்தகமும் பைண்டிங் செய்கிறவர். நனைந்த தாளைப் பிரிக்கத் தெரிந்தவர். அவரிடம் உம்மாவுடையதைக் கொடுத்து அனுப்பு. வேதக்காரர் கையில் எப்படிக் கொடுக்க என்று உன் வாயில் வரும். அவர் கையைக் கழுவிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புத்தகம் தொடுவார். நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீ சந்தனச் சட்டையோடு நடையில் நின்றவன்.

கொடுக்கவில்லை என்றால் 26ஆம் தேதி ஜும்ஆ முடிந்து நீங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நான் ஆத்துக்குள் நிற்பேன். எழுபத்தெட்டு வயசு, முட்டு வலி, எல்லாம் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் ஒரு வார்த்தை பேசாமல் நிற்பேன். எப்படி இறக்குகிறாய் என்று பார்க்கலாம்.

மைமூன் பீவி


பத்தமடை
23.1.2024

அன்புள்ள லாத்தா,

நேற்று அவர் வந்தார். கொடுத்து அனுப்பினேன். தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

இன்னும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத வரவில்லை.

அசன் கனி


மேலப்பாளையம்
5.2.2024

அசன் கனிக்கு,

போன புதன்கிழமை பாக்கியசீலன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். சுமையா ஆட்டோவில் கூட்டிப்போனாள். கடை முழுக்கக் கயிறு கட்டி உம்மாவின் தாளைக் காயப் போட்டிருக்கிறார். கோர்ட்டுக்காரர்கள் வந்து தங்கள் கட்டு எங்கே என்று கேட்டதற்கு, "அது நிக்கட்டும் சார், இது அவசரம்" என்று சொல்லி அனுப்பினார்.

அவருக்கு அரபு ஒரு எழுத்து தெரியாது. அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி. என்னை உட்கார வைத்து, முதல் தாளை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"ஏம்மா, இதுல ரெண்டு கை இருக்கு. தெரியுமா?"

"எப்பிடிச் சொல்லுதிய?"

"இந்தக் கறுப்புக் கை இருக்கு பாருங்க, இது தண்ணிக்கு அசையல. எழுதுன அன்னைக்கு எப்பிடியோ அப்பிடியே இருக்கு. இந்த நீலக் கை அங்கங்க இடையில புகுந்திருக்கு. அதுதான் அழுதுருக்கு. முதல் மூணு கட்டுல மட்டும். அதுக்கு அப்புறம் அந்த ஆளு இல்ல. விட்டுட்டுப் போயிட்டாரு போல."

"போயிட்டான்" என்றேன். "இமாமா ஆயிட்டான்."

அவர் சிரிக்கவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். பைய அடுத்த தாளை எடுத்தார்.

ஆக, தொண்ணூற்றாறு நீலத் திட்டு. அதுக்கு நடுவில் உம்மா எழுதினது ஒன்றுகூடக் கரையவில்லை. இது வரைக்கும் சாதாரண விசயம். இனிமேல்தான் விசயம்.

சுமையாவின் மாமனார் போன வருசம் ஹஜ்ஜுக்குப் போய்விட்டு, அங்கே எல்லோருக்கும் கொடுக்கிற மதீனா அச்சுக் குர்ஆன் ஒன்று கொண்டுவந்தார். அது அவள் அலமாரியில் இருந்தது. நான் நம் ஊர் அச்சிலேயே ஓதிப் பழகினவள், அதைத் தொட்டதே இல்லை. கடையில் இருந்து வந்த அன்று இரவு என்னவோ தோன்றிற்று. ஒளு செய்துவிட்டு எடுத்து பாத்திஹாவைத் திறந்தேன்.

ஸ்வாது, ரே, தோய். நடுவில் அலிபு இல்லை. மேலே நின்ற ஜபர்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். பிறகு உம்மாவின் தாள்களைச் சுமையா போனில் எடுத்து வந்ததை ஒரு பக்கமும், மதீனாவை ஒரு பக்கமும் வைத்து மூணு நாள் உட்கார்ந்தேன். நான் பார்த்த வரைக்கும் நீ அலிபு போட்ட இடத்தில் எல்லாம் மதீனாவில் அலிபு இல்லை. உம்மாவுடையது போலவே.

இப்போது ஒரே ஒரு கேள்வி. இந்த மதீனா அச்சு இன்றைக்கு நேற்று வந்தது இல்லையாம். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் முப்பது வருசத்துக்கு மேலாகக் கொண்டுவருகிறார்கள் என்று சுமையாவின் மாமனார் சொல்கிறார். ஊரில் யார் கொண்டுவந்தாலும் முதலில் இமாமிடம்தான் காட்டுவார்கள். நீ பத்தமடையில் முப்பத்தைந்து வருசம் இமாம்.

எந்த வருசம் பார்த்தாய்? பதில் எழுது.

மைமூன் பீவி


பத்தமடை
12.2.2024

லாத்தா,

1991. ஹஜ் முடித்து வந்த பாய்வியாபாரி ஒருவர், அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் என் கையில் கொடுத்தார்.

பாத்திஹாவைத் திறந்தேன். தாங்கள் பார்த்ததைப் பார்த்தேன். அப்படியே மூடி, "நல்ல அச்சு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான்கு தாள் கிழித்தேன் என்று எழுதியிருந்தேனே, இதுதான் அது. முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பிரதிகளில் வெறும் எழுத்து உடம்பு மட்டும்தான் இருந்தது. புள்ளி கிடையாது, ஜபர் ஜேர் என்ற உயிர்க்குறிகள் கிடையாது. ஓதத் தெரிந்தவர்கள் கேட்டு ஓதினார்கள், எழுத்து அதற்குச் சாட்சியாக நின்றது. அரபு அல்லாத மக்கள் இஸ்லாமிய தீனுக்குள் வந்த பிறகுதான் தப்பாக ஓதிவிடக் கூடாதே என்று புள்ளியும் குறிகளும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அவற்றைக்கூட வேறு வண்ணத்தில் போட்டார்கள், மூல எழுத்தோடு கலந்துவிடக் கூடாது என்று. எழுத்து உடம்பை மட்டும் யாரும் தொடவில்லை. இலக்கணம் வளர்ந்தது, எழுத்துக்கூட்டும் முறை மாறியது, கடிதத்திலும் மற்ற கிதாபுப் புத்தகங்களிலும் அலிபு கூடியது. குர்ஆனில் மட்டும் பழையபடியே விட்டார்கள். தாங்கள் கேட்ட ஹுத்ஹுத் இடத்து அலிபும் அப்படி நிற்பதுதான்.

ஆயிரம் வருடத்துக்கு முன் மேற்கே அந்தலூஸ் நாட்டில் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும், பழம் பிரதிகளில் எந்தச் சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தனித்தனியே கிதாபு செய்தார்கள். சில சொற்களில் அலிபு இல்லை என்று மாணவர் குறித்திருக்கிறார், ஆசிரியர் குறிக்கவில்லை. இரண்டும் ஏற்கப்பட்டவை. நம் நாட்டு அச்சுகள் பெரும்பாலும் ஆசிரியர் சொன்ன ஒரு வழி, மதீனா மாணவர் சொன்ன இன்னொரு வழி. வாப்பாவின் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்தது அந்த இன்னொரு வழியைச் சேர்ந்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் இது தெரியாது. இலக்கணமும் எழுத்துப் பயிற்சியும் படித்து முடித்த சூட்டில் ஊருக்கு வந்தேன். பிள்ளைகள் எழுதிய பாடத்தைத் திருத்துவது போல உம்மாவுடையதைத் திருத்தினேன். பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1991இல் கண்ணால் கண்டேன். அப்போதே வந்து சொல்லியிருக்க வேண்டும். உம்மா இல்லை. தாங்கள் பேச மாட்டீர்கள். முப்பது பெண்கள் முன் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. பெட்டியைப் பூட்டினேன். வெள்ளம் வந்ததும், அல்லாஹ்வே எனக்கு ஒரு வழி காட்டிவிட்டான் என்று நினைத்தேன். பாருங்கள், என் புத்தி போன போக்கை.

அன்று நான் எழுதி வைத்த குறிப்பை எடுத்துத் தொண்ணூற்றாறையும் மறுபடி பார்த்தேன். மூன்று இடத்தில் மட்டும் உண்மையாகவே எழுத்து விடுபட்டிருக்கிறது. இரண்டாம் ஜுஸ்வில் ஒரே பக்கத்தில் மூன்றும். மற்ற தொண்ணூற்று மூன்றும் உம்மா எழுதியதே சரி.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒரு மார்க்கச் சட்டம் மட்டும் சொல்கிறேன். சத்தியத்தை முறிக்க நினைத்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்தால் போதும்.

அசன் கனி


மேலப்பாளையம்
15.2.2024

அசன் கனிக்கு,

பத்துப் பேருக்குச் சோறு என்பது எனக்கு நாற்பத்தொரு வருசமாகத் தெரியும். அரிசி இல்லாமல் இருக்கவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உம்மா கேட்டிருந்தால், "எழுதினவங்களுக்குத் தெரியும்னு அன்னைக்கே சொன்னேன்லா" என்றிருப்பாள். அதோடு எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள். நான் அவள் இல்லை. நான் லேசில் எழுந்து போக மாட்டேன்.

முதலில் அந்த மூணு இடம். இரண்டாம் ஜுஸ்வு, ஒரே பக்கம். அது உம்மா இல்லை. அன்றைக்கு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், நெய்ச்சோறு மிச்சம் இருந்தது, தின்றுவிட்டு மத்தியானம் உட்கார்ந்தோம். நான் தூங்கி விழுந்து விழுந்து சொன்னேன். திரும்பச் சரிபார்க்கும்போதும் விரல் மட்டும்தான் ஓடிற்று, கண் மூடியிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூணும் என் கணக்கில் எழுது. உம்மா பேரில் எழுதாதே.

இப்போது என் முடிவு.

பாக்கியசீலன் தாளை எல்லாம் காய வைத்துவிட்டார். இன்னும் தைக்கவில்லை. முப்பது ஜுஸ்வும் முப்பது தனிக் கட்டாக இருக்கு. "தையல் போட்டா ஒரு ஆளுதான் ஓத முடியும். தைக்குறதுக்கு முன்னால ஆளுக்கு ஒண்ணா முப்பது பேரும் ஒரே நேரத்துல வாசிக்கலாமே" என்று அவர்தான் சொன்னார். வேதக்காரருக்குத் தோன்றினது எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 7 வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு, இங்கன எங்கள் தெருவில் பெண்டுகள் தொழுகிற தைக்காவில் உம்மாவுக்குக் கத்தம். முப்பது பெண்டுகள். 1983இல் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழு பேருக்கும் சொல்லியாச்சு. ஒருத்தியைக் கடையநல்லூரில் இருந்து அவள் மகன் காரில் கொண்டுவருகிறான்.

நீ வர வேணும். தைக்காவை ஒட்டின பள்ளியில் மைக்கைப் பிடித்து நீ சொல்ல வேண்டியது இது. ஒரு வார்த்தை மாறக் கூடாது:

"என் தாயார் மீரா பாத்து எழுதிய குர்ஆனில் பிழை என்று 1983இல் நான் சொன்னது தவறு. அரைகுறைப் படிப்பாலும் கர்வத்தாலும் சொன்னேன். 1991இல் உண்மை தெரிந்தும் மறைத்தேன். மூன்று இடத்தில் விடுபட்டது என் லாத்தா மைமூன் பீவி தூங்கியதால். மற்றதெல்லாம் என் தாயார் எழுதியதே சரி."

அந்த மூணு எழுத்தையும் நீயே சேர்த்து எழுது. கறுப்பில். கடுக்காய் வாங்கி ஊறப் போட்டிருக்கிறேன். பேனாவைக் கொண்டுவராதே.

மைமூன் பீவி


பத்தமடை
20.2.2024

லாத்தா,

இன்ஷா அல்லாஹ் வருகிறேன். எல்லாம் தாங்கள் சொன்னபடியே. ஒரே ஒரு வேண்டுகோள். முப்பத்தைந்து வருடம் இமாமாக நின்றவன். "கர்வத்தாலும்" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா? "அவசரத்தாலும்" என்று வைத்தால் அர்த்தம் ஏறக்குறைய அதேதான்.

அசன் கனி


மேலப்பாளையம்
23.2.2024
(தபால் அட்டை)

முடியாது.

மைமூன் பீவி


மேலப்பாளையம்
9.3.2024

தம்பி அசன் கனிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சுமையாவின் போனில் தகவல் வந்தது.

தைக்காவுக்குள் நடந்ததை நீ பார்க்கவில்லை, நீ பள்ளிப் பக்கம் இருந்தாய். ஆகவே எழுதுகிறேன்.

அஸர் தொழுதுவிட்டு முப்பது பேரும் மூணு வரிசையாக உட்கார்ந்தோம். ஒவ்வொருத்தி கையிலும் உம்மாவின் ஒரு கட்டு. பாக்கியசீலன் ஒவ்வொன்றுக்கும் தனி உறை தைத்துக் கொடுத்திருந்தார், பச்சைத் துணியில். கடையநல்லூர்க்காரி தன்னுடையதைத் திறந்துவிட்டு, "யாத்தா, என்ன கறுப்பு, நேத்து எழுதுனாப்புல இருக்கே" என்றாள். அவளுக்குக் கண் புரை எடுத்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. அவளே அப்படிச் சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்.

ஓதத் தொடங்கினோம். முப்பது பேர் முப்பது இடத்தில் இருந்து. உனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் ஒரு இடத்தில் தடுக்கினாள், பார்க்காமலே எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்னுடையதை ஓதிக்கொண்டு இருந்தேன். எனக்கு நான் எடுத்துக்கொண்டது முதல் ஜுஸ்வு. உன் நீலம் இருக்கிறதே, அது. ஒவ்வொரு திட்டாக வந்தது. ஒவ்வொன்றையும் தாண்டிப் போனேன். உம்மா எழுதினதை மட்டும் ஓதினேன்.

ஒரு மணி நேரத்தில் முழுக் குர்ஆனும் முடிந்தது. முடிந்ததும் ஒருத்தியும் எழவில்லை. மைக்கு கரகரத்தது. நீ தொடங்கினாய்.

என் பேரைச் சொல்லித் தூங்கினாள் என்று நீ சொன்னபோது மற்ற இருபத்தொன்பது பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 1983இல் இருந்த ஏழு பேரில் ஒருத்தி, "அப்பம் அன்னைக்கு அச்சுக் குர்ஆனு இரவல் வாங்குனது வீண் வேலை" என்றாள். அவள் வீட்டில்தான் வாங்கினோம்.

பிறகு நீ நடையில் வந்து நின்றாய், மூணு எழுத்தையும் எழுத. நான் மைக் கிண்ணத்தையும் கலத்தையும் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ போட்ட அலிபு நேராகத்தான் நின்றது. உம்மாவின் தாளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன் என்று நினைக்காதே. துண்டுத் தாளில் நீ முதலில் எழுதிப் பார்த்தாயே, அதைத்தான் செம்புக்குள் போட்டேன். மறுநாள் காலையில் கசியவில்லை.

இனி உம்மாவுடையது தைக்காவில் இருக்கும். தைத்து வந்துவிடும். நோன்பில் தினம் ஒரு ஜுஸ்வு அதில்தான் ஓதுவது என்று பெண்டுகள் பேசி முடித்துவிட்டார்கள். உனக்குப் பங்கு வேண்டும் என்றால், கேட்டு எழுது. யோசித்துச் சொல்கிறேன்.

ஒரு விசயம் பாக்கி. நீ "கர்வத்தாலும்" என்று சொன்ன இடத்தில் ஸ்பீக்கர் இரைந்துவிட்டது, அந்த ஒரு வார்த்தை மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்று பின்வரிசைப் பெண்டுகள் சொல்கிறார்கள். முன்வரிசையில் எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு குறை இருக்கக் கூடாது பார். வருகிற 15ஆம் தேதி நோன்பின் முதல் ஜும்ஆ. பத்தமடைப் பள்ளி வெளி வாசல் வரைக்கும் நிரம்பியிருக்கும். அங்கன ஒரு தடவை, ஆரம்பத்தில் இருந்து, பைய நிறுத்திச் சொல்லிவிடு. பஸ் பிடித்து அந்த ஏழு பேரும் நானுமாக எட்டுப் பேர் வருகிறோம்.

உன் லாத்தா
மைமூன் பீவி